விளக்கைப் பாருங்கோ

வாலிஸ்
16.08.2022

அன்பு மகள் அக்‌ஷயாவுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகம், வீடும் சுகம். இந்த முறை வீட்டையும் சேர்த்து எழுத வேண்டியதாய்ப் போயிற்று. பேர்த்தில் உன் சுகத்துக்கும் வைரவர் துணை. காட்டுத்தீக் கதையை அம்மா உனக்கு ஃபோனில் சொல்லியிருப்பா, என்னை ஒரு மடையனாக்கித்தான் சொல்லியிருப்பா என்பதும் எனக்குத் தெரியும். நான் ஃபோனில் கதைத்தால் பக்கத்திலிருந்து குறுக்கே குறுக்கே பாய்வா. அதனால்தான் கடிதம். எழுத்துக்கூட்டி வாசிக்க உனக்குக் கொஞ்சம் நேரமெடுக்கும், பரவாயில்லை, ஆறுதலாக வாசி, என் பக்க நியாயமும் உனக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கோடை இங்கே மழையே இல்லை. வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் இருக்கிற பைன் காடு முழுக்கக் காய்ந்து போய்க் கிடந்தது. புதன்கிழமை காலை மேலே புகை கிளம்பினதும் அம்மா நீ சொன்ன பையைத் தூக்கிக் கதவடியில் வைத்தா. நெருப்புக் காலத்தில் ஒரு பை எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று நீ அவுஸ்திரேலியாவிலிருந்து சொல்லச் சொல்ல நான் சிரித்தேன் அல்லவா, இனிச் சிரிக்க மாட்டேன். பாஸ்போர்ட், அவுஸ்வைஸ் அடையாள அட்டை, என் சீனி வருத்தக் குளிசை, சார்ஜர் எல்லாம் அதற்குள் இருந்தன. அதற்கு மேல் அம்மா ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் பொதியையும் திணித்தா. நெருப்புக்குள்ளே இது எதற்கு என்று கேட்டேன். ஓடுற இடத்தில உறைப்பில்லாமல் சப்பெண்டு சாப்பிட என்னால ஏலாது என்றா.

மத்தியானம் காற்றுத் திரும்பிவிட்டது. எல்லோரும் உடனே வெளிக்கிடுங்கள் என்று பொலிஸ் வாகனம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது. நான் யன்னல்களைச் சாத்தினேன், அம்மா பையோடு காருக்கு ஓடினா. ஓடுகிற போக்கில் படியில் நின்று, இஞ்சேருங்கோ, விளக்கைப் பாருங்கோ என்று கத்தினா. சத்தியமாக இதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. நீயே சொல்லு பிள்ளை, இதற்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவ இதையேதான் சொல்லுவா, நானும் போய் எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டிவிட்டு வருவேன். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். சாமியறையில் விளக்கு மங்கி எரிந்துகொண்டிருந்தது. நல்லெண்ணெயை விளிம்பு வரைக்கும் விட்டு, திரியைத் தூண்டி, கும்பிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

கீழே பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் எங்களுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். சூப்பும் பாணும் தந்தார்கள். அம்மா மிளகாய்த்தூளை வெளியே எடுக்க, பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டு வாங்கித் தூவ, அரை மண்டபம் தும்மியது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் அம்மா, விளக்கை நூர்த்திட்டுத்தானே வந்தனீங்கள் என்று கேட்டா. நான் சூப் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அணை என்றோ நூர் என்றோ வாயால் சொல்லக் கூடாதாம், அபசகுனமாம், அதனால்தான் பாருங்கோ என்று சொன்னாவாம். ஐயோ கடவுளே! முழு வீடும் மரம். சாமியறை யன்னலைச் சாத்தினேனா என்றும் ஞாபகம் வரவில்லை, திரைச்சீலை விளக்குக்கு ஒரு முழம் தூரத்தில்தான் தொங்குகிறது. கீழ்த்தட்டில் இருக்கிற வீட்டுக்காரன் பீற்றர் ஊர்த் தீயணைப்புப் படையில் இருக்கிறான் என்பது உனக்குத் தெரியும்தானே, அந்த நேரம் அவன் மலையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவைக் காப்பாற்ற நிற்கிறான். நான் அவனுடைய கூரைக்குக் கீழே நெருப்பை வைத்து, எண்ணெயும் ஊற்றிவிட்டு வந்து சூப் குடிக்கிறேன். அவன் மனைவியும் பிள்ளைகளும் எதிர்க் கட்டிலில் இருந்தார்கள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எழும்பிப் போய், பொறுப்பாக நின்ற பெண்ணிடம் எனக்குத் தெரிந்த இந்த நாட்டு டொச் மொழியில், எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு நெருப்பு இருக்கிறது என்றேன். யார் வைத்தது என்று கேட்டா. நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டா. மனைவி சொன்னவ என்றேன். அவ என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வேர்த்துவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்து விளங்கப்படுத்தின பிறகுதான் பீற்றருக்குச் செய்தி போனது. அவன் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போய் நின்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்தான். விளக்கு நன்றாக எரிகிறது, யன்னல் திறந்திருக்கிறது, திரைச்சீலை கிட்ட ஆடுகிறது, ஊதட்டுமா என்று கேட்டான். அம்மா விட்டாவா? ஊதாதே, ஊதாதே, சாமி விளக்கை வாயால ஊதக் கூடாது, பூவாலதான் நூர்க்க வேணும் என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினா, பாதி டொச், பாதி தமிழ். அந்தப் பிள்ளை தலைக்கவசமும் சப்பாத்துமாக பல்கனிக்குப் போய், ஒரு ஜெரானியம் பூவைப் பறித்து வந்து திரியில் வைத்து அமர்த்தினான். முடிந்தது என்றான். அம்மா நின்ற இடத்திலேயே அழுதுவிட்டா. நானும்தான், அதை அவ உனக்குச் சொல்லியிருக்க மாட்டா.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. தீ மேல் தெருவோடு நின்றுவிட்டது, எங்களைப் போகவும் விட்டார்கள். யன்னலெல்லாம் சாம்பல், வீடெல்லாம் புகை மணம், வேறொன்றும் இல்லை. விளக்கில் எண்ணெய்க்குள் பீற்றரின் சிவப்புப் பூ கிடந்தது. சாமியறைக்குள் சப்பாத்துத் தடம் இருந்ததையும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கு ஒரு சட்டி கோழிக்கறி கொடுத்தா. ஆனால் எண்ணெயை ஏன் விளிம்பு வரைக்கும் விட்டீங்கள் என்று என்னை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறா. அவவுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு நான்தான் விளக்கை நூர்த்துவிட்டு, கதவைப் பூட்டி, திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தத் திறப்பு இன்னும் அலுமாரியில் கிடக்கிறது, வீடு இல்லை. அதனால் இந்த முறை நாங்கள் வருமட்டும் விளக்கு எரியட்டும் என்று நினைத்தேன். பைத்தியக்கார நினைப்புத்தான், தெரியும்.

உங்கள் பக்கம் கோடை வரமுன் உன் பையை ஒருக்கால் திறந்து பார். வாசனை மெழுகுதிரி கொளுத்துகிற பழக்கம் உனக்கு இருக்கிறதாம், வெளியே போகும்போது அதை நூர்த்துவிட்டுப் போ. பார்த்துவிட்டுப் போ என்று எழுதவில்லை, கவனி, நூர்த்துவிட்டுப் போ. நெருப்பும் நோயும் உன்னை அண்டாமல் வைரவர் காக்கட்டும், நீ நல்லாயிருப்பாய். வெள்ளிக்கிழமை கதவடியில் திறப்பைப் பூட்டில் போட்டுவிட்டு மழையில் நின்றேன் பிள்ளை, அம்மா பூட்டு இறுகிவிட்டது என்று நினைத்தா. விட்டுவிட்டு ஓடின வீட்டை அதே திறப்பால் திறந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் உள்ள உன் அப்பா
குகதாசன்