ட்ரூடியின் கல்யாணமும் கொக்கு அணியின் நவம்பரும்

அன்புள்ள நோரீனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொரியாவில், அந்தப் பூசானில், உனக்கு அந்த இருமல் நின்றதா, நீ பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா? இங்கே அதற்குள் முழங்காலளவு பனி கொட்டிவிட்டது.

உன் பெரியப்பா மகள் ட்ரூடி தன் கல்யாணத்தை நவம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு வைத்தாளே, அன்றைக்குத்தான் நம் கல்லூரிக் கொக்கு அணிக்கும் கரடி அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து சீசனின் கடைசி ஆட்டம். தெரிந்தேதான் வைத்தாள். "அதுக்குள்ள நம்ம ஆளுங்க எப்படியும் படுத்துடுவானுங்க சித்தப்பா, அன்னைக்கு எவன் டிவி பாக்கப் போறான்" என்று அப்பாவிடமே சொன்னாள். வருஷா வருஷம் நடப்பதுதானே, யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் இந்த வருஷம் செப்டம்பர் முழுக்க ஜெயித்தார்கள், அக்டோபரிலும் ஜெயித்தார்கள், ஊருக்கே தலைகால் புரியவில்லை. பாஸ்டர் எங்ஸ்ட்ரம் பாவம் பார்த்து எதிரணிகளுக்காகவும் ஜெபம் செய்தார் என்றால் பார்த்துக்கொள். உன் பெரியப்பா டுவேன் மகளிடம் போய், "தேதியக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமாம்மா, டிசம்பர்லயும் சர்ச்சு அங்கேயேதான் இருக்கும்" என்று கெஞ்சினார். ட்ரூடிக்கும் ஆசைதான், அவளைவிடக் கொக்குப் பைத்தியம் இந்த ஊரில் யார்? ஆனால் மாப்பிள்ளை லோவெல் கரடி ஊர்க்காரன், ஆட்டத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளினால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான் என்று மறுத்துவிட்டாள்.

அப்புறம் நவம்பர் பிறந்தது. முதல் சனிக்கிழமை கையில் இருந்த பந்தை நம் பையன் எதிராளிக்குப் பரிசு கொடுப்பதுபோல் நழுவவிட்டான். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய், அதனால்தான் நழுவியது என்று உன் அப்பா இன்னும் நம்புகிறார், நானும் மறுக்கவில்லை, பழி உன் தலையிலேயே இருக்கட்டும், நீதான் தூரத்தில் இருக்கிறாயே. அடுத்த வாரம் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு அழகாக ஓடினான், நம் பக்கமே ஓடினான். அதற்கடுத்த வாரத்தைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று உத்தரவு. இருந்தும் கடைசி ஆட்டத்தை மட்டும் ஜெயித்தால் புத்தாண்டு சமயத்தில் வெயிலடிக்கிற ஊரில் ஒரு பெரிய ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள் என்ற நிலைமை, அதுதான் எல்லோரையும் கொன்றது.

கல்யாணத்தன்று அப்பா கோட்டுக்குள் சின்ன ரேடியோவை ஒளித்து, காதில் மாட்டும் வயரைக் காலருக்குள் விட்டு, முதல் வரிசையில் சாதுவாக உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் உறுதிமொழிக்கு வந்தபோது அப்பாவின் முழங்கால் ஆடியதில் பெஞ்சே ஆடியது, நான் கிள்ளியும் நிற்கவில்லை. ட்ரூடி பார்த்துவிட்டாள். "பாஸ்டர், ஒரு நிமிஷம். சித்தப்பா, ஸ்கோர் என்ன?" என்றாள். அப்பா வாத்தியார் கேட்டதுபோல் எழுந்து நின்று, "ரெண்டு பாயிண்ட் பின்னாடி இருக்கோம்மா, கடைசி உதை, கம்பத்துக்கு நடுவுல போனா ஜெயிச்சோம்" என்றார். நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். பாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா, "அந்த வயரப் புடுங்குங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார்.

சர்ச்சே ரேடியோவை நோக்கிச் சாய்ந்தது. பந்து ஒரு கம்பத்தில் பட்டு, குறுக்குக் கட்டையில் உட்கார்ந்து யோசித்து, அதைத் தாண்டாமல் நம் பக்கமே விழுந்ததாம். அந்த டொங் சத்தம் ரேடியோவிலேயே கேட்டது. எல்லோரும் ஐயோ என்று சரிந்தபோது ஒரே ஒரு ஆள் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கி "கரடிடா!" என்று குதித்தான். மாப்பிள்ளை.

குதித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. ட்ரூடியின் கண் மை கன்னத்தில் வழிகிறது, டுவேன் பெரியப்பா சண்டைக்குக் கோட்டைக் கழற்றுகிறார், இவனோ தூக்கிய கையை எப்படி இறக்குவதென்று தெரியாமல் நிற்கிறான். "ட்ரூடி, ஜெயிச்சதுக்கு மன்னிச்சுக்கோ" என்றான். இந்தக் கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கைய எறக்குடா. மோதிரம் போட ஒண்ணு வேணும் எனக்கு" என்றாள்.

சர்ச் சிரித்த சிரிப்பில் பெரியப்பா கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்பா மட்டும் விருந்தில் பன்றித் தொடையைத் தொடவில்லை. மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் பொறுமையைப் பற்றி ஆரம்பித்ததும், "எத்தனை வருஷம்னு மட்டும் சொல்லிடுங்க பாஸ்டர்" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா. சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணு.

கடவுள் உன்னை நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் வைத்திருக்கட்டும். வெளியே போகும்போது கோட்டுக்குக் கழுத்துவரை ஜிப் போடு, அழகுக்காகத் திறந்துவிடாதே.

உன்னை நினைக்காமல் ஒரு வாய் காபிகூடக் குடிக்காத,
அம்மா லோரெய்ன்