அவன் நடந்து காட்டிய நடை

மார்ச் 4

ஊசி போட்டு இனி ஒன்றும் ஆகாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். இடது இடுப்பில் எலும்போடு எலும்பு உரசுகிறதாம். மூட்டை மாற்ற வேண்டுமாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே தேய்ந்த இடுப்பு. வலி மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் ஒன்றை விழுங்கிக்கொள்கிறேன். ஓடுகிற வரை ஓடட்டும்.

மார்ச் 9

ஆபரேஷனுக்குச் சரி சொல்லிவிட்டேன். திடீரென்று என்ன என்று கேட்டார் இவர். பயம் விட்டுப்போச்சு என்றேன். பொய்.

நேற்று தங்கை மகளுக்குப் பிறந்தநாள். பாத்ரூமிலிருந்து வெளியே வருகிறேன், ஹாலில் ஒரே சிரிப்பு. தங்கை வீட்டுக்காரன் நடுவில் நடந்துகொண்டிருந்தான். இடது கால் தரையில் படும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் சரிய, ஒரு கை சோபாவைத் தேட, உதடு கோணிக்கொண்டு. "இது யாரு, சொல்லுங்க பாக்கலாம்?" குழந்தைகள் எல்லாம் ஒரே குரலில் "பெரியம்மா!" தங்கை, "ஐயோ, சும்மா இருங்க, வந்துடப்போறா" என்றாள். அதுவும் சிரித்துக்கொண்டே.

இவரும் சிரித்தார். என் வீட்டுக்காரர். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் என்ன செய்தேன்? சத்தமில்லாமல் திரும்பிப் போய், இன்னொரு தடவை தண்ணீர் விட்டு, பாத்ரூம் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்தேன். அவர்கள் சிரிப்பை முடித்துக்கொள்ள அவகாசம் கொடுத்திருக்கிறேன்! ச்சீ. "வாங்கக்கா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். கேக் கொடுத்தார்கள். தின்றேன்.

இருக்கட்டும்.

மார்ச் 17

பிசியோவிடம் முதல் நாள். என் மகள் வயசுதான் இருக்கும். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது.

"டாக்டர் மூட்டைத்தாம்மா மாத்துவாரு. நடக்க வைக்கிறது தசை. அத இப்பவே தேத்தி வெச்சாதான் அப்புறம் கைகொடுக்கும்."

மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டை அழுத்த வேண்டும். குதிகாலை மெத்தையிலேயே இழுத்து மடக்கி நீட்ட வேண்டும். பிருஷ்டத்தை இறுக்கிப் பிடித்து விட வேண்டும். "புடிச்சத ஏதாவது நெனச்சுக்கிட்டு அழுத்துங்க, வலி தெரியாது" என்றாள்.

பிடிக்காததை நினைத்தேன். துண்டா அது? அவன் மூஞ்சி.

"அடேங்கப்பா" என்றாள் பிசியோ.

மார்ச் 21

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாதி எழுந்து தொப்பென்று விழுந்தேன். அழுகை வந்துவிட்டது. இவர் ஓடி வந்து கையை நீட்டினார். "ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"எம்மேல ஏன் எரிஞ்சு விழற?"

தெரியாதாம்! அப்பாவி.

மார்ச் 29

இன்று பிசியோ என்னை ஆள் உயரக் கண்ணாடிக்கு எதிரே நடக்க வைத்தாள். அவன் காட்டிய அதே நடை. ஒரு பிசகு இல்லை, திறமைசாலிதான்.

"தோளைப் பாக்காதீங்கம்மா, இடுப்பைப் பாருங்க. அது தாங்கல, அதான் மேல சாயுது." அப்புறம் சொன்னாள்: "யாருமே நேரா நடக்கறதில்ல. இடுப்பு, முட்டி, குதிகால்னு பாக்கக் கத்துக்கிட்டீங்கன்னா ஒவ்வொருத்தர் நடையும் ஒரு கூத்து."

ஓஹோ.

ஏப்ரல் 5

கடையில் இப்போது மருந்துச் சீட்டைவிட ஆட்களின் கால்களைத்தான் பார்க்கிறேன். எதிர்ச் சந்தில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் நுனிக்காலில் தத்துகிறார். வீட்டில் இவர் பாதம் விரித்து வாத்து மாதிரி.

இன்றைக்கு அவனே வந்தான், அஜீரண மாத்திரைக்கு. கதவிலிருந்து கவுண்டர் வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்தேன். நெஞ்சு முன்னால் போகிறது. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, குதிகால் சரக்கென்று தேய்கிறது. நடுநடுவே முழங்கையால் பேன்ட்டை மேலே தள்ளிக்கொள்கிறான். "என்னக்கா அப்படிப் பாக்கறீங்க?" என்றான்.

"நல்லா இருக்கீங்களான்னு பாத்தேன்."

வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த வலது காலை இழுத்துப் பார்த்தேன். இப்போதைக்கு வராது. புது மூட்டு வரட்டும்.

ஏப்ரல் 13

கை ஊன்றாமல் எழுந்துவிட்டேன். வாடா மகனே, வா.

ஏப்ரல் 19

ஆஸ்பத்திரி. நாளை காலை ஆபரேஷன். இவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "பயமா இருக்கா?" என்றார்.

"அன்னைக்கு நீங்களும் சிரிச்சீங்க" என்றேன். எங்கே, எப்போது என்று கேட்கவில்லை.

"பாத்துட்டியா?"

"ம்."

வெகுநேரம் என் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சிரிப்பு வந்துடுச்சு" என்றார். சமாளிப்பார் என்று நினைத்தேன். சமாளிக்கவில்லை. இன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது. எனக்கு வரும்.

ஏப்ரல் 21

நின்றேன். உயிர் போய் வந்தது. ஆனால் நின்றேன். வாக்கரைப் பிடித்து நாலடி வைத்தேன். "முன்னாடியே பயிற்சி பண்ணிட்டு வந்தவங்கன்னு பாத்தாலே தெரியுது" என்றாள் நர்ஸ்.

இவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீட்டத் தயக்கம். நான்தான் கேட்டேன், "கையக் குடுங்க."

ஜூலை 14

தங்கைக்குக் கல்யாண நாள். கோல் இல்லாமல் போனேன். நேராக. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "அக்கா, ஃபேஷன் ஷோவுக்குப் போறீங்க போல" என்றான் அவன்.

"நானும் ஒண்ணு நடந்து காட்டட்டுமா?" என்றேன்.

ஹாலின் நடுவுக்குப் போனேன். நெஞ்சை முன்னே தள்ளி, வலது பாதத்தைத் திருப்பி, குதிகாலைச் சரக்கென்று இழுத்து, முழங்கையால் இடுப்பில் ஒரு தள்ளு. "இது யாரு, சொல்லுங்க பாக்கலாம்?"

அவன் மகளே கத்தினாள், "அப்பா!" கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தங்கைக்குப் புரையேறிவிட்டது. அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. இவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு எழுந்தபோது அவன் சுவரை ஒட்டி, தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு நடந்தான். எனக்குத் தேனாக இனித்தது. இதை எழுத வெட்கமே இல்லை.

ஜூலை 18

தங்கை போன் செய்தாள். "கண்ணாடி முன்னாடியே நடந்துக்கிட்டிருக்காருக்கா. வெளிய கூப்பிட்டா வரமாட்டேங்கறாரு. சும்மா ஒரு வார்த்தை, தமாஷுக்குச் செஞ்சேன்னு சொல்லிடேன்."

"தமாஷுக்கா செஞ்சேன்?"

யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 3

தங்கை வீட்டுக்காரர் வந்தார். தனியாக. வாசலிலேயே நின்றார், உள்ளே நடந்து வரத் தயக்கம் என்று புரிந்தது. நானே நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

"ரொம்ப நாளாவே வலது முட்டியில வலிக்கா. யாருகிட்டயும் சொல்லல. அப்படி இழுத்துக்கிட்டு நடக்கறேன்னு நீங்க காட்டினப்புறம்தான்..." முட்டியைத் தடவிக்கொண்டார். "அந்த பிசியோ நம்பர் கிடைக்குமா?"

கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சரியாகத்தான் சொன்னேன்.

"ரொம்ப வலிக்குமாக்கா?"

"ரொம்ப." உண்மைதான். சொல்வதும் சுகமாகத்தான் இருந்தது.

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். மேலே நின்று பார்த்தேன். முட்டி என்கிறார். எனக்கென்னவோ இடுப்பு என்றுதான் படுகிறது. போன் செய்து சொல்லிவிட வேண்டும்.

நாளைக்கு. இன்றைக்கு வேண்டாம்.