எவெலியோ கிந்தெரோவின் பெயருக்கு யாரும் ‘ஆஜர்’ சொல்லக் கூடாது

அனுப்புநர்:
ஒதிலியா ராங்கெல் (வயது 71),
க/பெ. எவெலியோ கிந்தெரோ,
ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு,
புவெர்த்தோ கார்சா, கொலம்பியா.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
புவெர்த்தோ கார்சா.

பொருள்: என் கணவர் இறந்ததாகச் செய்த பதிவை நிறுத்திவைத்து, மூடிய தேடுதல் கோப்பைத் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இவ்வூர் எண்ணெய் ஆலையில் வால்வு திருப்பும் வேலை பார்த்தவர். தேசிய எண்ணெய்த் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். 1988 மே 16 காலை ஆறரை மணிக்கு, வேலைநிறுத்த நோட்டீஸ் கட்டுடன் ஆலை வாசலில் நின்றவரை நம்பர் இல்லாத ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தூக்குச்சட்டியில் பொரித்த மீனும் மரவள்ளிக்கிழங்கும் வைத்துக் கொடுத்திருந்தேன். சட்டி வாசலிலேயே கிடந்தது. பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை.

2. சங்கத்தின் பழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். நூறு வருஷத்துக்கு முன், சங்கம் என்று வாயைத் திறந்தாலே சிறை என்ற காலத்தில், காட்டுக்குள் கூடியவர்கள் முதலில் பெயர் வாசிப்பார்கள். பதில் வராத பெயர், பிடிபட்டவன் பெயர். அந்த வாசிப்பு இன்றும் மே தினத்தன்று நடக்கிறது. செத்தவர் பெயருக்குக் கூடம் முழுவதும் ‘ஆஜர்’ என்று குரல் கொடுக்கும். காணாமற்போனவர் பெயருக்கு யாரும் வாய் திறப்பதில்லை. அவரே வந்து சொல்லட்டும் என்று ஒரு மூச்சு நேரம் விடுவார்கள். முன்பு அப்படிப் பதினொரு பெயர்கள் இருந்தன. பத்துப் பேருக்கு எலும்பாவது கிடைத்தது. மிச்சம் என் கணவர் ஒருவர்தான்.

3. முப்பத்தைந்து மே தினங்கள் அந்த மூச்சு நேரத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். பின்னால் யாராவது நாற்காலியை நகர்த்தினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

4. சென்ற மே தினத்தில் அவர் பெயரை வாசித்ததும் இருநூறு பேர் ‘ஆஜர்’ என்றார்கள். வாசித்த இன்றைய செயலாளர் லிபார்தோ என்னிடம் ஓடிவந்து, “கோவிச்சுக்காதீங்கக்கா. பதிவாளர் ஆபீஸ்லயே செத்துட்டாருன்னு எழுதிட்டாங்க. அவரை மட்டும் எப்படித் தனியா விடுறது?” என்றார். அன்போடுதான் சொன்னார்கள். அதுதான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அவர் போன நாளிலிருந்து போடாத தாழ்ப்பாள். என் கை எப்படிப் போட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. பயமாக இருக்கிறது ஐயா.

5. விசாரித்ததில் தெரிந்தது இது. சங்கம் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டபோது, அதில் காணாமற்போனவருக்கென்று தனிப்பட்டியல் இல்லாததால் அவர் பெயரைக் கொல்லப்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதைப் பார்த்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தங்கள் அலுவலகம் இறப்பைப் பதிந்தது. தேடுதல் கோப்பும் மூடப்பட்டது. சங்கம் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது, அலுவலகம் சங்கத்தைக் கைகாட்டுகிறது. தங்கள் எழுத்தரோ, “எத்தனை வருஷம்தாம்மா காத்திருப்பீங்க? சர்டிபிகேட்டை வாங்கிட்டு நிம்மதியா இருங்க” என்றார். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுகூட இராது.

6. ஆலைக் காவலராயிருந்த எலாதியோ, சாகும் தறுவாயில் என்னை வரச்சொல்லி, என் கணவரைக் கொண்டுபோன அதே மே மாதம் ஆறாம் நம்பர் பம்ப் நிலையத்தில் காரணமில்லாமல் புதிதாகத் தரை பூசினார்கள் என்றார். மூன்று மனு போட்டேன். பதில் இல்லை. அச்சான ஒரு வரியை ஒரே நாளில் நம்பிய அலுவலகம் இதை நம்ப மாட்டேன் என்கிறது.

ஆகவே, பதிவை நிறுத்திவைத்து, கோப்பைத் திறந்து, அந்தத் தரையைத் தோண்டிப் பார்க்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மே தினத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அங்கே அவர் இல்லையென்றால் அந்த மூச்சு நேரத்தை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். இருந்தால், அவர் பெயருக்கு முதலில் ‘ஆஜர்’ சொல்ல வேண்டியவள் நான்.

இடம்: புவெர்த்தோ கார்சா
நாள்: 8.4.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஒதிலியா ராங்கெல்
(எவெலியோ கிந்தெரோவின் மனைவி. பதில் கடிதத்தில் விதவை என்று எழுத வேண்டாம்.)