ஒன்பதாவது பங்கு

நூர்பின், சுவீடன்
4 அக்டோபர் 1993

அம்மாவுக்கு,

பயப்படாமல் படி. மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் காட்டில் மரம் வெட்டும்போது உன் மாப்பிள்ளை ஹோக்கன் மேல் மரம் சாய்ந்துவிட்டது. அவர் வெட்டிய மரமில்லை. அது விழும்போது பக்கத்தில் காய்ந்து நின்ற ஒன்றைத் தட்டிவிட, அது இவர் இடது காலில் இறங்கியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். வசந்தம் வரைக்கும் காட்டு வேலை கிடையாது. சமையலறை பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு டில்டாவுக்கு ஜடை போடுகிறார். உன் பேத்தி கோணல் வகிடோடு பாலர் பள்ளிக்குப் போகிறாள்.

நான் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுகிறேன். வயதானவர்கள் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கஞ்சி காய்ச்சி வைக்கும் அதே வேலைதான். ஒரு நாளைக்கு எட்டு வீடு. திரும்பி வந்தால் விறகு சுமந்து அடுப்பு மூட்டவேண்டும்.

அதெல்லாம் முடியும். முடியாதது ஒன்றுதான். யாரும் வரவில்லை, அம்மா. சுரங்கத்தில் அப்பாவுக்கு முதுகு போனபோது நம் வீட்டில் எத்தனை பாத்திரம் வந்து இறங்கியது! கோழியும் பீன்ஸும் வைக்க இடமில்லாமல் தையல் மிஷின் மேல் வைத்தாயே. இங்கே ஒரே ஒருத்தி வந்தாள். பக்கத்துப் பண்ணை குன்வூர், ஊர் வேட்டைக் குழுவின் தலைவி. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"எந்தக் கால்?"

"இடது."

"ம்ம்."

அவ்வளவுதான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

நேற்று ஹோக்கனிடம் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்குள் அமெரிக்காவுக்கு, உன்னிடமே வந்துவிடலாம் என்று. விடுமுறைக்கு இல்லை, ஒரேயடியாக. "எனக்காக நீ ஏழு வருஷம் இங்க இருந்துட்ட. இனிமே நான் வரேன்" என்றார். சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எங்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா?

கோரின்

*

பைன் கிரீக், மேற்கு வர்ஜீனியா
14 அக்டோபர் 1993

என் கோரினுக்கு,

இடம் இருக்கிறதா என்று கேட்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? கடிதத்தைத் தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். முடிக்கும்போது மூக்குக் கண்ணாடி நனைந்திருந்தது. மழை என்று வைத்துக்கொள்.

மாப்பிள்ளை காலை ஊன்றவே கூடாது என்று சொல். ஆம்பளைகள் நாம் பார்க்காத நேரம் எழுந்து நடப்பார்கள்.

உன் சித்தப்பா வென்டல் வந்து மாடி அறை ஒழுகலை அடைத்துக் கொடுத்தார். அடைத்துக்கொண்டே, "அந்தக் காட்டுக்காரன் இங்க வந்து என்ன பண்ணுவான்?" என்றார். "ஏன், இங்க மரம் முளைக்கிறதில்லையா?" என்றேன். அப்புறம் சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள். உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். டில்டா படத்தைக் கடைக்காரி, நர்ஸ், பள்ளி பஸ் ஓட்டுகிறவர் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது. அந்த மூக்கு என் மூக்கு. இதுவரை யாரும் மறுக்கவில்லை.

எந்தக் கால் என்று கேட்டுவிட்டுப் போவதற்கு ஒருத்தி எதற்கு வரவேண்டும்? எனக்கு வயிறு எரிகிறது. இந்த ஊரில் நாய்க்கு அடிபட்டால்கூட நாலு பேர் வருவார்கள்.

அப்பா போன பிறகு ஆறு வருஷமாக இந்த வீட்டில் ஒரே ஒரு தட்டைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வா.

அம்மா
டார்லீன்

*

நூர்பின்
31 அக்டோபர் 1993

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஹோக்கனுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து நடப்பார்கள் என்ற இடம் வந்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி விழித்தார்.

ஒன்று சொல்லவேண்டும். விறகு சுமக்கிறேன் என்று எழுதினேன் இல்லையா? ஐந்து வாரமாகச் சுமக்கிறேன், விறகுக் கொட்டகையில் குறையவே இல்லை. போன வாரம் ஹோக்கன் கேட்டார். "விறகு யார்கிட்ட வாங்கற?"

"நானா? நீங்க வெட்டி வச்சதுதானே."

"நான் வெட்டினது செப்டம்பரோட தீந்துபோச்சே. மத்தியானம் டிராக்டர் சத்தம் கேக்கும். நீ சொல்லி வச்சிருக்கன்னு நெனச்சேன்."

நான் யாரிடமும் சொல்லவே இல்லை, அம்மா.

நேற்று வேட்டைக் குழு மூஸ் மான் கறியைப் பங்கு பிரிக்கும் நாள். ஹோக்கனும் அந்தக் குழுவில் இருந்தவர்தானே, காட்டில் ஒருவரோடொருவர் பேச அவரிடம் கொடுத்திருந்த கை ரேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிசம்பரில் போகிறோம் என்று சொல்லிவிட்டு வரப் போனேன். குழுவின் கொட்டகையில் நீள மேசை மேல் கறி சமமான குவியல்களாக இருந்தது. இங்கே பிரிக்கிற விதமே வேறு. எவர்ட் என்பவர் மேசைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பார். குன்வூர் ஒரு குவியல் மேல் கையை வைத்து, "இது யாருக்கு?" என்பாள். எது என்று பார்க்காமலே அவர் ஒரு பெயரைச் சொல்வார். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

எண்ணிப் பார்த்தேன். வேட்டைக்குப் போனவர்கள் எட்டுப் பேர். குவியல் ஒன்பது.

"இது யாருக்கு?"

"கோரினுக்கு."

ஏழு வருஷமாக இந்த ஊரில் நான் 'ஹோக்கனோட அமெரிக்காக்காரி', அம்மா. என் பெயர் எவர்டுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"நாங்க ஒரு நாள்கூட வேட்டைக்கு வரலையே. எப்படி வாங்கிக்கறது?" என்றேன்.

குன்வூர் கறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன், இதுல ஏதாச்சும் குறையா?"

"ஐயோ, இல்ல..."

"அப்ப பையைப் பிடி. கை விறைக்குது."

சுவரைப் பார்த்தபடியே எவர்ட், "ஏம்மா, அடுத்ததைக் கேளுங்க. எவ்ளோ நேரம்தான் பலகையையே பாத்துக்கிட்டு நிக்கிறது?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

வெளியே வந்து குன்வூரிடம் கேட்டேன், விறகு அடுக்கினது நீயா என்று.

"உன் புருஷன் அடுக்கியிருந்தது கோணலா இருந்துச்சு. பார்க்கச் சகிக்கல."

"உள்ள வந்திருக்கலாமே? ஒருத்தரும் வரலன்னு நான் அழுதேன், தெரியுமா?"

அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. "நீ எட்டு வீட்டுக்குச் செஞ்சுட்டு வர. நாங்க உள்ள வந்தா காபி வைப்ப, ரொட்டி சுடுவ. அந்த வேலையும் உனக்கு எதுக்கு?"

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. ரேடியோ இன்னும் கோட்டுப் பையில்தான் இருக்கிறது.

டிசம்பர் பதினான்காம் தேதி விமானத்தில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், நவம்பர் இருபதுக்குள் பணம் கட்டி டிக்கெட்டை எடுக்கவேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், வருவேன்.

கோரின்

*

பைன் கிரீக்
9 நவம்பர் 1993

என் கோரினுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். முதல் மூன்று தரமும் 'வருவேன்' என்ற இடத்தையே தேடிப்போய்ப் படித்தேன். நாலாவது தரம்தான் மற்றதைப் படித்தேன்.

டிக்கெட்டை எடுக்காதே.

இங்கே வருவதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறாய். அந்தக் கொட்டகையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது?

குன்வூரைத் திட்டலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை. அப்பா படுத்திருந்தபோது வந்த சனத்துக்கெல்லாம் நான்தான் காபி வைத்தேன். நன்றியோடுதான் வைத்தேன். ஆனால் சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு நுழையாது. அதைக் கவனித்தவர் ஒருத்தருமில்லை. உனக்கு அது வேண்டாம் என்று நினைக்க அங்கே ஓர் ஊரே இருக்கிறது. அவளிடம் போய் நான் நன்றி சொன்னதாகச் சொல்லிவிடாதே, பாவம், மறுபடி முகம் சிவந்துபோவாள். நான் இங்கிருந்தே சொல்லிக்கொள்கிறேன். தினமும் சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் அழுகையும் வருகிறது. அதையும் நன்றியில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அதற்காக எனக்கு எழுதுவதைக் குறைத்துவிடாதே. டில்டாவின் புதுப்படம் அனுப்பு. பழையதன் மூலை மடங்கிவிட்டது.

என் பெண் திரும்பி வருகிறாள் என்று போன மாதம் சர்ச்சில் எழுந்து நின்று சொல்லியிருந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுந்து நிற்கவேண்டும். வரவில்லை என்று சொல்லமாட்டேன். என் பெண்ணை அவள் ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பங்கு வைக்கிறார்கள் என்று சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நீலக் கவுனை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன்.

அம்மா
டார்லீன்