இல்லாத கைக்கு அளவு

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இருக்கிறேன். நீங்கள் நலம் என்பதை மேடையிலேயே பார்த்துக்கொண்டேன். இதற்கு முன் உங்களுக்கு எழுதியதெல்லாம் "அன்புத் தங்கச்சிக்கு" என்றுதான் ஆரம்பிக்கும். இந்தத் தடவை கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது. கோபம்தான், மறைப்பானேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நன்றிகெட்டவள் என்று பெயர் வாங்க வேண்டாம். மனச்சிதைவு என்று எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்ட என்னை, வீட்டில் வைத்தே தேற்ற முடியுமா என்று பார்க்கும் உங்கள் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டீர்கள். வியாழன்தோறும் வந்தீர்கள். தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சீருடைச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தீர்கள். கோணல் மாணலாகத் தைப்பீர்கள், நீங்கள் போனபிறகு பிரித்துத் தைப்பேன். அதிலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

என் காதுக்கு மட்டும் கேட்கிற குரலுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தேன் அல்லவா? நான் எதைத் தைத்தாலும் குற்றம் சொல்வதுதான் அவன் வேலை. நீங்கள் முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இவ வேவு பாக்க வந்திருக்கா, உள்ள விடாதே" என்றான். அவன் சொல்வதெல்லாம் பொய், அவனிடம் "அப்புறம் வா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று நீங்கள் பழக்கினீர்கள். பலித்தது. தனியாகக் கடைத்தெருவுக்குப் போனேன். இரண்டு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் பிடித்தேன்.

நோய் ரத்தத்தில் வருகிறதா, குணமும் அப்படித்தான் வருகிறதா என்று பார்க்க ரத்தம் கேட்டீர்கள். நானும் கொடுத்தேன், ஊசியைக் கண்டால் ஊரைக் கூட்டும் என் தங்கையும் கொடுத்தாள். குணத்தைப் பற்றிய கேள்வித்தாளில், புதியவர்களைச் சீக்கிரம் நம்பிவிடுவீர்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அப்புறம் என்னை எப்படிக்கா உள்ள விட்டீங்க?" என்று கேட்டீர்கள். நியாயம்தானே என்று, ஆமாம் என மாற்றிப் போடச் சொன்னேன். அதை மறுபடி மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மாத்திரைதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. உடம்பு ஊதியது, கை நடுங்கியது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இனி தொட மாட்டேன் என்று சொன்ன அன்றுதான் உங்கள் அண்ணனைப் பற்றிச் சொன்னீர்கள். அவருக்கும் இதே நோய், மாத்திரையை நிறுத்திவிட்டுக் காணாமல் போனார், எங்கேயோ ஒரு பேருந்து நிலையத்தில் கிழிந்த சட்டையோடு கண்டுபிடித்தோம், இப்போது ஒழுங்காகப் போட்டு நன்றாக இருக்கிறார் என்றீர்கள். சொல்லும்போது உங்கள் தொண்டை அடைத்தது. அன்றிலிருந்து நான் ஒரு வேளை தவறவிட்டதில்லை. முகம் தெரியாத ஓர் அண்ணனும் நானும் சேர்ந்து விழுங்குகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு ஒரு சட்டை தைத்துத் தந்தேன். அடுத்த வாரம் வந்து, கச்சிதமாக இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் நீளம் என்றீர்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை. கையைக் குறைத்து இன்னொன்று தைத்துக் கொடுத்தேன். இல்லாத கைக்கு எப்படி அளவு சொன்னீர்கள் டாக்டர்?

ஆராய்ச்சி முடிந்ததைச் சொல்லும் கூட்டத்துக்கு எங்களையெல்லாம் அழைத்திருந்தீர்கள். நானும் தங்கையும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினோம். பிறகு தேநீர் குடிக்கும் இடத்தில், என்னைப் போலவே ஆராய்ச்சியில் இருந்த ஓர் அம்மா பேச்சுக் கொடுத்தார்; அவர் வீட்டுக்கு உங்கள் உதவியாளர் ஒருவர் போய்வந்தாராம். பாவம் அந்தத் தம்பி, அவனுடைய அண்ணனுக்கும் இதே நோயாம், பேருந்து நிலையத்தில் கிடைத்தாராம் என்றார். பக்கத்தில் இருந்தவர் ஓர் ஓவியர், அவரும் ஆராய்ச்சியில் இருந்தவர்தான்; தன்னிடம் வருகிற உதவியாளர் பெண்ணுக்கும் அப்படி ஓர் அண்ணன் உண்டே என்றார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த நோய் பரம்பரையில் வரலாம் என்றீர்கள். உங்கள் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாலே வந்துவிடும் போலிருக்கிறது.

அப்போதும் நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் சொன்னது கதையாக இருக்கட்டும், நீங்கள் சொன்னது நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கிட்டே வந்து, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நீங்கள் என் தோளில் கை போட்டு, "நல்லா இருக்காருக்கா, உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னார்" என்றீர்கள். பக்கத்தில் நின்ற உங்கள் உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

இல்லாதவர்களோடு உறவாடுவதுதான் என் நோய் என்றீர்கள். அதைக் குணப்படுத்த வந்த நீங்களே இல்லாத ஒருவரை என் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போகலாமா? மேஸ்திரி பொய்யன்தான், ஆனால் உங்கள் விஷயத்தில் அவன் சொன்னது சரியாகிவிட்டதே. இனி அவனிடம் எந்த முகத்தோடு வாயை மூடு என்பேன்?

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மாத்திரை போடவில்லை. அவன் வந்து உட்கார்ந்துகொண்டான். "நான் சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று அதே பேச்சு. ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். தங்கை என் முன்னால் தட்டை வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது.

ஆராய்ச்சியில் சேரும்போது ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களே என்பீர்கள். போட்டேன். வீட்டுக்கு வருவோம், பேசுவோம் என்று அதில் இருந்தது. என்னைத் தேற்றுவதற்காகத்தானே சொன்னோம் என்பீர்கள். அதுவும் உண்மைதான், தேறினேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. பட்டன் தைத்ததும், அக்கா என்றதும், தொண்டை அடைத்ததும் எந்தக் கணக்கில் சேரும் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் முழிக்கிறேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். அண்ணன் உண்டா இல்லையா என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்றால் நாலு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். இருக்கிறார் என்று மறுபடியும் ஒரு பொய்யை மட்டும் எழுதிவிடாதீர்கள், நம்பிவிடுவேன்.

இன்று காலை தங்கைக்காக மாத்திரையைக் கையில் எடுத்தேன். தொண்டையில் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் அண்ணனை நினைத்தேன், இறங்கிவிட்டது. அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சீருடை தைக்கிறவள்