நழுவும் தோள்

என்னங்க,

பந்து வீசும்போது சின்னவளுக்குத் தோள் பிசகியதைப் போனில் சொன்னேன் அல்லவா, இன்று ஸ்கேன் எடுத்தோம். மூட்டுக்குள் ஊசியால் மருந்து ஏற்றிக் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். "அம்மா, என் காலைப் பிடிச்சுக்கோ" என்றாள். பிடித்துக்கொண்டேன். படம் எடுத்து முடியும்வரை விடவில்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார். எலும்பில் பள்ளம், மூட்டின் விளிம்பில் கிழிசல். "இது ஒரு தடவையில வந்ததில்லம்மா. தோள் பல தடவை நழுவியிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நானே உள்ள தள்ளிக்குவேன். சொன்னா டீம்லேர்ந்து எடுத்துருவாங்க, நீயும் அழுவே" என்றாள். பதினான்கு வயதில் இவ்வளவு அழுத்தமா!

நாளை மறுநாள் ஆபரேஷன். கை பழையபடி உயருமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அம்மாவுக்குப் பயமே இல்லடி" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

வந்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நான் கொஞ்சம் பயந்துகொள்ளலாம்.

உங்களவள்