பொடியில் விரித்த முசல்லா

வீடு மாற்றுகிறேன். கே.கே. நகர் அறையின் பரணிலிருந்து இறக்கும்போது பை கிழிந்து, பச்சைக் கோலப்பொடி என் தலையில் கொட்டியது. இருமினேன். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் பொடி.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு வரும் முதல் ரமலான் இது.

காளவாசலில் அந்த மாடிக்கூடம். தரை முழுக்கப் பொடியால் முசல்லாக்கள் வரைந்திருந்தாய். தொழுகை விரிப்புகள், வரிசை வரிசையாக, நடுவே இடம் விடாமல். துணி ஒரு நூல்கூட இல்லை. மறுநாள் காலை, ஓவியக் கண்காட்சிக்குப் படைப்புகளை எடுக்கச் சென்னையிலிருந்து தேர்வுக்குழு வருகிறது.

கூடத்துக்காரருக்குப் பிடிக்கவில்லை. "ஏன் தம்பி எல்லாம் கோணலா கெடக்கு? சுவத்துக்கு நேரா போட்டா எம்புட்டு அழகா இருக்கும்!"

"தொழுகுற திசை அதுதாண்ணே. சுவத்தத்தான் கோணலா கட்டிட்டீக."

சிரித்தாய். கண் மட்டும் வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது. தேர்வுக்குழுவை நினைத்து அல்ல. உன் அத்தாவை நினைத்து. கைலிக்கடைக்காரர். "தொழுகுற பாய வேடிக்கைக்கு வைக்கிறவன் என் வீட்டுக்கு வரவேணாம்" என்று பெற்ற மகனிடம் சொல்லியிருந்தார்.

"ஒருதடவ வந்து பாத்து, இது நம்மளுதுன்னு நெனச்சாகன்னா போதும் மாப்ள" என்றாய்.

அன்று மாலை அத்தா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். வெகுநேரம் பார்த்தார். எங்கோ மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, பாங்கு கேட்டது.

"இதுல தொழுகலாமா?"

கூடத்துக்காரர் பதறினார். "ஐயா, மிதிச்சா அழிஞ்சிரும்!"

அத்தா உன்னை மட்டும் பார்த்தார். "தொழுக முடியாதுன்னா, அப்ப இது என்னது?"

வேண்டாம் என்று சொல், சொல்லிவிடு என்று மனதுக்குள் கத்தினேன். இரவோடு இரவாக மறுபடி வரைய முடியாத வேலை அது.

"உளூ செய்யக் கொழாய் பின்னாடி இருக்கு அத்தா."

அவர் ஈரக்காலோடு வந்தார். முன்வரிசையில் நின்றார். நீயும் கைகால் கழுவிவந்து அவர் வலப்பக்கம் நின்றாய், தோள் படும்படி. நான் கோயிலுக்குப் போகிற திருநகர்க்காரன், எனக்கு அந்த வரிசையில் வேலையில்லை. கூடத்துக்காரரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தா ஓத ஓத, உங்கள் பாதங்களுக்கடியில் பச்சை குழம்பியது. நீங்கள் குனிந்து நெற்றியை வைத்தீர்கள். ஓவியம் போனது.

தொழுது முடித்து எழுந்தார். படியிறங்கிவிட்டார். ஜன்னலுக்கு ஓடினாய், பின்னாலேயே நானும்.

மறுநாள் குழு பார்த்துவிட்டு, சேதமான படைப்பை எடுக்க முடியாது என்று போய்விட்டது. நீ வாதாடவில்லை. உன்னைத் தேர்ந்தெடுக்காத கதையை இப்போதும் யாராவது என்னிடம் பரிதாபமாகச் சொல்கிறார்கள். அவர்கள் ஜன்னலில் நிற்கவில்லை.

அந்த மாலை, கீழே கடைகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே, நெற்றியெல்லாம் பச்சையாக அத்தா சாலையைக் கடந்துபோனார். ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் துண்டு இருந்தது.

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது மட்டும் என்னிடம் இருக்கிறது.

"தொடைக்கல மாப்ள. பாரு, தொடைக்கவே இல்ல."